திமில் இல்லாத ஒட்டகம்

அந்தக் கடையின் பெயர்ப்பலகையில், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், ‘அன்போடு கையால் செய்தவை’ என்று இருக்கும். அதற்கும் கீழே, இன்னும் சின்ன எழுத்தில், ‘ஞாயிறு விடுமுறை’. வேலைப் பிரிவினையில் குழப்பமே கிடையாது. அன்பு முதலாளியம்மாவுடையது. கை மற்றவர்களுடையது. அன்பு கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஏசியில் இருந்தது. கைகள் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரே ஒரு மின்விசிறியைப் பங்குபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

விற்பது குழந்தை அறைக்கான அலங்காரம். கட்டிலைச் சுற்றி வைக்கும் மெத்தைச் சுவர், ஜன்னலுக்குக் குட்டைத் திரை, சுவரில் ஓடும் முக்கோணக் கொடிகள், மேகம் மாதிரித் தலையணை, கட்டிலுக்கு மேலே வளையத்தில் தொங்கிச் சுற்றும் துணிப் பொம்மைகள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்களைக் கேலி செய்வது நம் வழக்கம். அந்தக் கடை மாடியில் அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டது அந்தக் கேலிக்கு ஆளானவர்கள்தான்.

வளையத்தில் தொங்கும் பொம்மைகளுக்குக் கடையில் ‘தொங்கல்’ என்று பெயர். அதைத் தைப்பவளுக்குத் ‘தொங்கட்டான்’ என்று பெயர் வைத்தவர் கட்டிங் மாஸ்டர். காதில் பொட்டு அளவுக்குக்கூட எதுவும் போடாத ஒருத்திக்குக் காதணியின் பெயரை வைத்த குறும்பு அவருக்கு மட்டும் புரிந்து, அவர் மட்டும் சிரித்து, பிறகு எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் கூப்பிட ஆளில்லாதவர்களுக்குப் பட்டப்பெயர்கூட ஒரு வரவுதான்.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தாள்: “ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தேன். கவனிக்கலை.” கேட்டவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியை மறந்துவிடுவார்கள். அதற்காகத்தான் அந்தப் பதில்.

குடியிருந்தது ஒரு சலவைக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில். இஸ்திரி போடும்போது கிளம்பும் ஆவி படிக்கட்டு வழியாக ஏறி வந்து அவள் கதவடியில் நுழையும். சொல்லாமல் கொள்ளாமல் வரும் உறவுக்காரர் மாதிரி அது ஒன்றுதான். கூரையில் மின்விசிறி மாட்ட ஒரு கொக்கி இருந்தது, விசிறி கிடையாது. முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அவள் மேஜை விசிறி வைத்துக்கொண்டாள். கொக்கி சும்மா இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையும் இருக்காது, சலவைக்கடை ஆவியும் இருக்காது. சுத்தமாக இருக்கும் தையல் மெஷினை இன்னொரு முறை துடைத்து எண்ணெய் விடுவாள். பிறகு பேருந்து நிலையத்துக்கு நடந்துபோவாள். தம்பியின் ஊருக்குப் போகும் பேருந்து அங்கிருந்துதான் கிளம்பும். அது கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். ஆரம்பத்தில் நடத்துனர், “ஏறுறீங்களாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவள், “இல்லை, சும்மா” என்பாள். கொஞ்ச நாளில் அவர் கேட்பதை விட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். தெரிந்தவர்களுக்கு ஆட்டுவது போல.

தம்பியோடு சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்து தொலைத்திருக்கும். அம்மா போன பிறகு தம்பி கல்யாணம் செய்துகொண்டு அதே வீட்டில் குடித்தனத்தைத் தொடங்கினான். வந்த பெண்ணும் நல்ல பெண்தான். வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா என்று மரியாதையில் ஒரு குறையும் வைக்காத பெண். மரியாதை கூடக்கூட வீட்டுக்குள் நடக்கும் இடம் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள், உடம்பைக் குறைக்க வேண்டும் என்று ஒரு நடைமெஷின் வாங்கினார்கள். வைக்க வேறு இடம் இல்லை. அக்காவின் அறையில் ஓரமாக இருக்கட்டும் என்றார்கள். நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷின் உள்ளே வந்தது. நடந்து வெளியே போனவள் அவள். வேறு ஊரில் ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். என்ன கடை என்று தம்பி கேட்கவில்லை. கேட்காதவனுக்கு எதற்குச் சொல்வது என்று அவளும் விட்டுவிட்டாள். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் தம்பி போன் செய்வான். முடிக்கும்போது, “ஒரு நாள் வாக்கா” என்பான். “வர்றேன்டா ஒரு நாள்” என்பாள். நாள்காட்டியில் இல்லாத அந்த ஒரு நாளை நம்பித்தான் நம்மில் பாதிப் பேருடைய உறவு ஓடிக்கொண்டிருக்கிறது. வா என்றும் சொன்னதாகும், வராமலும் பார்த்துக்கொண்டதாகும்.

கதை ஆரம்பிப்பது ஒரு புகைப்படத்தில்.

கடையில் ஆர்டர் கொடுப்பவர்கள் அறையைப் படம் எடுத்துப் போனில் அனுப்ப வேண்டும்; ஜன்னலுக்கும் சுவருக்கும் தக்கபடி வெட்டித் தைப்பார்கள். எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ படங்கள் வரும். ஒரு நாள் முதலாளியம்மா பெரிய திரைபோட்ட போனோடு மாடி ஏறி வந்தார்.

“பாலைவன செட் கேக்கிறாங்க. எல்லாம் மணல் கலர்லயே வேணுமாம்” என்றார்.

இப்போதெல்லாம் குழந்தை அறை என்றால் மணல் நிறம்தான். சிவப்பும் மஞ்சளும் கண்ணை உறுத்துகிறதாம். யார் கண்ணை என்று கேட்கக் கூடாது. பிறந்த அன்றைக்கே பணி ஓய்வு பெற்றவர் தங்கும் அறை மாதிரி இருக்க வேண்டும். அந்த செட்டில் தொங்கல் என்பது ஒட்டகம், நரி, ஆமை, முயல். பாலைவனத்தில் முயல் ஏது என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். கஸ்டமர் கேட்டால் திமிங்கலமும் உண்டு என்றார் முதலாளியம்மா.

தொங்கட்டான் படத்தைப் பார்த்தாள். வெறும் அறை. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஜன்னல் கம்பிகளில் ஒன்று மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அந்தக் கம்பியை வளைத்தது பக்கத்து வீட்டுக்காரரின் கடப்பாரை. வளைத்த காரணம், நாலு வயதுத் தம்பி தலையை உள்ளே விட்டு எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டது. அம்மா வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடிக்கொண்டிருக்க, பதினாலு வயது அக்காதான் உள்ளேயிருந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அழாமலிருக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த படம் கூரை. வளையம் மாட்டும் கொக்கியைக் காட்ட எடுத்தது. கொக்கிக்குப் பக்கத்தில் ஈரம் கோத்த திட்டு, வெள்ளையடித்தும் மறையாமல், அப்படியே இருந்தது. அந்தத் திட்டைப் பார்த்துக்கொண்டு அவள் அந்த அறையில் இருபது வருஷத்துக்கு மேல் படுத்திருக்கிறாள்.

“முன்னாடி ஏதோ பழைய சாமானெல்லாம் போட்டு வெச்சிருந்த ரூமாம். காலி பண்ணிட்டாங்களாம்” என்றார் முதலாளியம்மா.

“நல்லா காலி பண்ணியிருக்காங்க” என்றாள் தொங்கட்டான்.

இது என் தம்பி வீடு என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும்: அப்படியா, குழந்தை வரப்போறது உங்களுக்குத் தெரியாதா? தெரியாது. அத்தை ஆகப்போகிற செய்தியைக் குண்டூசி குத்தும் மேஜைக்கு முன்னால், திரைத் துணியின் அளவோடு சேர்த்துத் தெரிந்துகொண்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவர்கள் சொல்லாததற்கும் ஒரு நியாயம் இருந்தது. போன தடவை உண்டானபோது எல்லோருக்கும் சொல்லி, பிறகு ஒவ்வொருவருக்காகப் போன் செய்து, இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருப்பார்கள். அந்த நியாயத்தை அவளே அவர்கள் பக்கம் நின்று வாதாடிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடித்தது. கடைக்காரிக்குச் சொல்லியிருக்கிறார்களே.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தெரியும் என்பது போதாது. யாராவது சொல்ல வேண்டும். தம்பி தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை தனக்குத் தெரியாது என்று முடிவு செய்துகொண்டு, தெரியாத குழந்தைக்குத் திரை தைக்க உட்கார்ந்தாள்.

முதல் சனிக்கிழமை வந்தது. போனும் வந்தது. மடியில் நரியின் வால் இருந்தது.

“எப்படி இருக்கேக்கா?”

“எனக்கென்னடா. நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க?”

அந்த ‘ரெண்டு பேரும்’ என்பதற்குப் பின்னால் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். தம்பி அதில் உட்காரவில்லை.

“இருக்கோம். தண்ணி மோட்டார்தான் தகராறு பண்ணுது.”

மோட்டாரைப் பற்றி நிறையப் பேசினார்கள். எங்கே காற்று பிடிக்கிறது, எந்த மெக்கானிக் ஏமாற்றினான் என்பதெல்லாம். மோட்டார் பேச்சு ஓய்ந்ததும், நரியின் வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வேற ஒண்ணும் விசேஷம் இல்லையே?” என்றாள். இதைவிடப் பச்சையாக ஒரு தமிழச்சி கேட்க முடியாது.

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு, “ஒண்ணும் இல்லைக்கா. ஒரு நாள் வாயேன்” என்றான்.

“வர்றேன்டா” என்றாள். வாலில் குத்தியிருந்த குண்டூசி எப்போதோ விரலில் ஏறியிருந்தது. மணல் நிறத் துணியில் சிவப்பு பட்டுவிட்டதே என்று பதறி, குழாயடிக்கு ஓடிக் கழுவினாள். அந்தப் பதற்றம் நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

இங்கே துணிப் பொம்மையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு துணிகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்துச் சுற்றித் தைத்து, ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் திறப்பு விட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் வாய். அந்த வாய் வழியாகப் பொம்மையை உள்வெளியாகத் திருப்பி, பஞ்சை அடைத்து, கடைசியில் கையால் வாயை மூடித் தைப்பார்கள். மெஷின் தையல் அழகாக இருக்கும். இந்தக் கைத்தையல் எவ்வளவு பார்த்துத் தைத்தாலும் கொஞ்சம் கோணும், கொஞ்சம் புடைக்கும். அதனால் வாயை எப்போதும் பொம்மையின் வயிற்றில் வைப்பது கடை வழக்கம். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவதே இதுதான்: யாரும் பார்க்காத இடத்துல வாய் வை. தொங்கட்டானும் அப்படித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இது என்ன பிழை என்று யாருக்கும் தோன்றியதில்லை.

நாலு பொம்மைகளும் முடிந்த அன்று, கயிற்றின் நீளம் பார்ப்பதற்காகத் தொங்கலை வீட்டுக்கு எடுத்துவந்தாள். சும்மா கிடந்த கொக்கிக்கு முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தது. ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். நின்று பார்த்தாள். ஒட்டகம் திமிலை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. நரி பின்னால் போயிற்று. அழகாகத்தான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். இடுப்பு வலித்ததால் அப்படியே சாய்ந்து படுத்தாள்.

படுத்ததும் ஒட்டகம் காணாமல் போயிற்று. நரி, ஆமை, முயல் எதுவும் இல்லை. தலைக்கு மேலே நாலு வயிறுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வயிற்றிலும் ஒரு தழும்பு, ஆபரேஷன் செய்து அவசரமாக மூடினது போல.

இத்தனை வருஷமாக அவள் தைத்து அனுப்பிய அத்தனை வீடுகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் மாமாவுக்கும் சித்திக்கும் முயலின் முகம். கட்டிலில் கிடக்கும் ஆளுக்கு முயலின் தழும்பு. யாரும் பார்க்காத இடம் என்றார்களே, அந்த யாரும் என்பது அந்தக் குழந்தைதான். அறையே அதற்காகத்தான் என்கிறார்கள். அதன் கண்ணைத் தவிர மற்ற எல்லாக் கண்ணையும் கேட்டுத் தைக்கிறார்கள்.

அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தம்பி வீட்டில் அந்த அறையைக் கீழேயிருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். கதவு எந்தப் பக்கம் திறந்தால் கூரையில் வெளிச்சம் எப்படி நகரும், ஈரத்திட்டு சாயங்காலத்தில் எப்படிக் கறுக்கும் என்பதெல்லாம் தெரியும். நின்று பார்ப்பவர்களுக்கு அது பழைய சாமான் கிடந்த அறை.

மறுநாள் நாலையும் பிரித்தாள். முகங்களைக் கீழ்நோக்கித் திருப்பினாள். கன்னம், மூக்கு, முன்னங்கால் எல்லாம் தரையைப் பார்க்கும்படி புதிதாக வெட்டித் தைத்தாள். வாயைத் தூக்கி முதுகில் வைத்தாள். நரிக்கு முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. ஆமை வழக்கம்போல யோசித்தது.

ஒட்டகத்திடம் வந்தபோது திமிலைக் கையில் எடுத்தாள். தனியாகத் தைத்துப் பஞ்சு வைத்த குட்டித் திமில். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியப்போவதில்லை. வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று அதை ஓரமாக வைத்துவிட்டாள். அது ஒன்று மட்டும்தான் காரணம் என்று சொன்னால், தொங்கட்டானே நம்பமாட்டாள்.

அவள் வாழ்க்கையில் தைத்த முதல் பொம்மை ஓர் ஒட்டகம். அப்பாவின் கிழிந்த சட்டையின் கையில் செய்தது. தம்பிக்கு மூன்று வயது. பஞ்சு கழுத்துவரைக்கும் போதுமானதாக இருந்தது; திமிலுக்கு இல்லை. தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நாய் என்று தீர்ப்புச் சொன்னான். “நாய் இல்லைடா. ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கு. திமில்ல இருந்த தண்ணியெல்லாம் குடிச்சு முடிச்சிடுச்சு. தண்ணி வெச்சா திரும்ப வளரும்” என்று அக்கா சொன்னாள். அன்றிலிருந்து தம்பி தூங்கப் போகும்முன் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தான். காலையில் டம்ளர் காலியாக இருக்கும். திமில் மட்டும் வளரவில்லை. இன்னும் தாகம் தீரலை போலிருக்கு என்று மறுபடியும் வைப்பான். யார் குடித்தது என்று அவன் கேட்டதில்லை. குடித்தவளும் சொன்னதில்லை.

தொங்கல் கீழ்த்தளத்துக்குப் போயிற்று. முதலாளியம்மா அதைப் பெட்டியில் மல்லாக்கப் படுக்க வைத்தபடியே படம் எடுத்தார். படுக்க வைத்தால் நாலு முகமும் மேலே பார்த்தன. அதனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டி ஊர் போய்ச் சேர்ந்தது.

முதலாளியம்மா மாடி ஏறி வருவது இரண்டு காரணங்களுக்காக: ஆர்டர் வந்தால், புகார் வந்தால். ஆர்டர் என்றால் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். புகார் என்றால் செருப்பை முந்திக்கொண்டு போன் சத்தம் வரும். இந்த முறை போனில் பதிந்து வந்த ஒரு பெண்குரல் முன்னால் வந்தது.

“மேடம், திரையெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. அந்தத் தொங்கல் மட்டும் ஏதோ தப்பா வந்திருக்கு. நின்னு பார்த்தா முதுகுதான் தெரியுது. அதுலயும் தையல் துருத்திக்கிட்டு இருக்கு. ஒட்டகத்துக்குத் திமிலே இல்லை மேடம். கழுதை மாதிரி இருக்கு.”

தம்பி மனைவியின் குரல். வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா என்ற அதே குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது. மாதம் ஏறியிருக்கும் என்று தொங்கட்டான் நினைத்துக்கொண்டாள்.

“கழுதைன்னு பில் போட்டிருந்தா பிரச்சினையே வந்திருக்காது” என்றார் கட்டிங் மாஸ்டர்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு இன்னும் இனிப்பாகிவிடும். நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்தில் ஒருவர் இப்படிச் செய்யலாமா என்று ஆரம்பித்தார். தொங்கட்டான் விளக்கினாள். குழந்தை படுத்திருக்கும், கீழேயிருந்து பார்க்கும், அதற்கு முகம் தெரிய வேண்டும் என்று மெல்லச் சொன்னாள். அவர்களை ஒருமுறை படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள்.

“கஸ்டமரைப் படுக்கச் சொல்றதா?”

“குழந்தை படுத்துத்தானே இருக்கும், மேடம்.”

“குழந்தையா ரிவ்யூ எழுதப்போகுது?”

புதிதாக ஒன்று தைத்து அனுப்ப வேண்டும், பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. முதலாளியம்மா இறங்கிப் போனார்.

கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் இன்றைக்கு இவ்வளவு பேசியதை அவர் கவனித்திருந்தார். “யார் வீடு அது?” என்று கேட்டார். கேலி இல்லாத குரலில் அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கஸ்டமர் வீடு.”

அன்று சாயங்காலத் தேநீரை அவரே எடுத்துவந்து அவள் மெஷின் பக்கத்தில் வைத்தார். மணல் கலர்ல இருக்கு, குடி என்றார்.

அவள் இன்னொரு தொங்கல் தைத்தாள். முகம் பக்கவாட்டில், வாய் வயிற்றில், திமில் அதற்குரிய இடத்தில். கடைக்குப் பிடித்த மாதிரி, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி. தழும்புகளை மட்டும் வழக்கத்தைவிடப் பொடித்தையலாகப் போட்டாள். அவள் கைக்கு எட்டிய மட்டும் அதுதான் செய்ய முடிந்தது. பழையது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யோசித்தாள். தன் அறைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். படுத்தால் பார்க்க நாலு முகமாவது இருக்கும்.

புதியது போயிற்று. பழையது வரவில்லை. முதலாளியம்மா ஞாபகப்படுத்தினார், பதில் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை மறுபடியும் போன் சத்தம் முன்னால் வர, செருப்புச் சத்தம் பின்னால் வந்தது. அதே குரல். இப்போது அதில் பாதி சிரிப்பு, பாதி குழப்பம்.

“மேடம், புதுசு நல்லா இருக்கு, தேங்க்ஸ். ஆனா பழசைத் தர முடியாது போலிருக்கு. அதைக் கழட்டறதுக்கு முன்னாடி கட்டில் போல்ட்டை முறுக்கறேன்னு மெத்தையை எடுத்துட்டு இவர் அடியில போய்ப் படுத்தார். எழுந்திரிக்கவே இல்லை. குனிஞ்சு பார்த்தா ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு மேலேயே பார்த்துக்கிட்டு இருக்கார். கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. யார் தைச்சதுன்னு கேக்கச் சொல்றார்.”

தொங்கட்டான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் துளையைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிற்று.

தைப்பவர்கள் பெயரை வெளியில் சொல்வதில்லை என்பது கடைக் கொள்கை. முதலாளியம்மா போனை உதட்டருகே பிடித்து, குரலில் தேனை ஊற்றி, “எங்க குடும்பமே சேர்ந்து செய்யறதுங்க” என்று பதில் பதிவு செய்து அனுப்பினார். வருஷக்கணக்காகச் சொல்லிவந்த பொய், அன்றைக்கு ஒரு தடவை அவருக்கே தெரியாமல் உண்மையாகிப் போனது.

கட்டிங் மாஸ்டர் தொங்கட்டானைப் பார்த்தார். அவள் இன்னும் நூலோடு போராடிக்கொண்டிருந்தாள். “மேடம் சொல்றது சரிதான். குடும்பம்தான்” என்று அவர் கத்தரியை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது சலவைக்கடையில் இஸ்திரி ஓடிக்கொண்டிருந்தது. ஆவி அவளுக்கு முன்னால் படியேறியது. கதவைத் திறந்து விளக்கைப் போடும்முன் போன் அடித்தது.

“அக்கா.”

“என்னடா. இன்னைக்கு சனிக்கிழமை இல்லையே.”

“மோட்டார் சரியாயிடுச்சுக்கா.”

“நல்லதாப் போச்சு.”

சரியாகிப்போன மோட்டாரில் பேச ஒன்றும் மிச்சமில்லை.

“அக்கா. ஒட்டகத்துக்குத் தண்ணி வைக்கணுமா?”

அவள் இருட்டிலேயே கட்டிலில் உட்கார்ந்தாள். “வேண்டாம்” என்றாள். “தொங்குறதுக்கு எப்படி வைப்பே. பிள்ளை மேல கொட்டிடும்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. தனக்குத் தெரியாத பிள்ளை. தம்பியும் அதைக் கேட்டுவிட்டான் என்பது அவன் மூச்சில் தெரிந்தது.

“சொல்லணும்னுதான்கா இருந்தோம்.”

இதற்கு அவளிடம் பதில்கள் தயாராக இருந்தன. நரியின் வாலோடும் ஆமையின் முதுகோடும் உட்கார்ந்து உட்கார்ந்து கூர் தீட்டிய பதில்கள். கடைக்காரிக்குச் சொல்லத் தெரிந்ததா என்று ஒன்று. பழைய சாமானுக்கு எதுக்குடா சொல்லணும் என்று இன்னொன்று. பொறுக்கியெடுக்கும் நேரத்தில் எதுவும் கைக்கு வரவில்லை.

“இப்போ சொல்லேன்” என்றாள்.

அவன் சொன்னான். இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவன் போலச் சொன்னான்.

“நீ அத்தை ஆகப்போறேக்கா.”

“அப்படியா” என்றாள், இப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல. நடிப்பு என்று சொல்ல முடியாது. யாராவது சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு எந்த மாதம், டாக்டர் என்ன சொல்கிறார், வாந்தி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். முடிக்கும்போது, பழக்கதோஷத்தில், “ஒரு நாள் வாக்கா” என்றான்.

“எந்த நாள்?”

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை யாரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. தம்பி திணறினான். அவனுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் மூச்சு வாங்கியபடி, பெண்குரல் வந்தது: “ஞாயித்துக்கிழமைன்னு சொல்லுங்க.”

“ஞாயித்துக்கிழமைக்கா.”

“ஞாயிறா... பார்க்கிறேன்டா” என்றாள் தொங்கட்டான். “கடையில வேலை இருக்கும்.”

போனை வைத்தாள். விளக்கைப் போட்டாள். கூரைக் கொக்கி பழையபடி சும்மா இருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து, ஊரைவிட்டு வந்த அன்று உள்ளே தள்ளிய பையை இழுத்து, தூசி தட்டி, துணியால் துடைத்து, கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அன்று திங்கட்கிழமை.